நாட்டில் பணம் எவ்வளவு இருந்தால் போதும்?

கேள்வி: அம்மா, நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீனாவில் இருக்கும் மொத்தப் பணம் அந்த நாட்டு ஜிடிபியை, அதாவது ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஜப்பானிலும் அப்படித்தான், இந்தியாவில் மட்டும் ஜிடிபியில் 80 சதவீதம்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் நமக்குப் பணம் பற்றாக்குறையா? ரிசர்வ் வங்கி இன்னும் கொஞ்சம் அச்சடித்தால் என்ன?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: எண்கள் சரிதான் மகளே. அவற்றை வைத்து அவர்கள் வந்த முடிவுதான் சரியில்லை. 1979-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 2017-ல் மேலாளராக ஓய்வு பெறும் வரை ஓர் அரசு வங்கியில் இருந்தவள் நான். நீ சொல்கிற அந்த 80 சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததைக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

முதலில் கணக்கு. 2025 மார்ச் முடிவில் இந்தியாவின் பணப்புழக்கம், அதாவது ரிசர்வ் வங்கி எம்-3 என்று சொல்லும் தொகை, 270 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அந்த நிதியாண்டின் ஜிடிபி, மே மாதம் வெளியான கணக்குப்படி, சுமார் 330 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் 80-ஐக் கொஞ்சம் தாண்டும். இந்த எம்-3-க்குள் மக்கள் கையில் இருக்கும் நோட்டும் சில்லறையும் உண்டு, சேமிப்புக் கணக்கிலும் நடப்புக் கணக்கிலும் இருக்கிற பணம் உண்டு, ஃபிக்சட் டெபாசிட்டும் உண்டு. நோட்டு என்று பார்த்தால் ஏழில் ஒரு பங்குகூட வராது. மிச்சமெல்லாம் வங்கிக் கணக்கில் எழுதப்பட்ட எண்கள்.

ஆகவே 'அச்சடித்தால் என்ன' என்ற கேள்வி ஆரம்பத்திலேயே தடம் மாறிவிடுகிறது. பணத்தில் பெரும்பகுதி நாசிக் அச்சகத்தில் பிறப்பதில்லை, நம் ஊர் வங்கிக் கிளையில் பிறக்கிறது. ஒருவர் ஆறு பவுன் நகையைக் கொண்டுவந்து வைக்கிறார். எடை போட்டு, உரசிப் பார்த்து, அவர் கணக்கில் கடன் தொகையை வரவு வைக்கிறோம். அந்த நிமிடம் வேறு யாருடைய கணக்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. புதிதாக அவ்வளவு பணம் உண்டாகிவிட்டது. அவர் நகையை மீட்கும்போது அந்த அளவு பணம் இல்லாமல் போய்விடும். ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தையும் வங்கிகள் ஒதுக்கிவைக்க வேண்டிய தொகையையும் மாற்றுவதன் மூலம் இதைக் கூட்டவோ குறைக்கவோ முயலும். ஆனால் கடன் கேட்டு வருகிறவர் வர வேண்டும், கொடுக்கிற மேலாளருக்கும் நம்பிக்கை வர வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள். பணப்புழக்கம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் ஏரியில் நிற்கிற தண்ணீர். ஜிடிபி என்பது ஒரு வருஷம் முழுக்க மடை வழியே ஓடிய தண்ணீர். இரண்டையும் வகுத்தால் கிடைப்பது, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடியது, எவ்வளவு தேங்கி நின்றது என்கிற தகவல்தான். நாடு பணக்கார நாடா ஏழை நாடா என்று அது சொல்லாது. பிளஸ் டூவில் ஃபிஷரின் பரிமாற்றச் சமன்பாட்டைப் படித்திருப்பாய். அதில் பணத்தின் சுழற்சி வேகம் என்று ஒன்று வருமே, இந்த விகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். 1970-71-ல் இந்தியாவின் எம்-3 சுமார் 11,000 கோடி ரூபாய். ஜிடிபியில் கால் பங்கு. 1990-91-ல் அது 45 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2000-01-ல் 60. இப்போது 80-க்கு மேல். அரசாங்கம் கண்டபடி நோட்டடித்ததால்தான் இப்படி ஏறியது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விலைவாசி ஏறினால் ஜிடிபியும் ரூபாய்க் கணக்கில் ஏறிவிடும். விளைந்ததை அன்றைய விலையால் பெருக்கித்தானே ஜிடிபியைப் போடுகிறார்கள்? விலையேற்றத்தைக் கழித்துக்கொண்டு பார்த்த பிறகும் விகிதம் மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கிளை மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தது. தை மாதம் சம்பா அறுவடை. கூலியை நெல்லாகத்தான் அளந்தார்கள். களத்தில் மரக்காலால் அளந்து போட, பெண்கள் கூடையில் வாங்கிக்கொண்டு போவார்கள். முடிவெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், ஏர் செய்து தருகிற தச்சர், எல்லோருக்கும் அந்தக் களத்திலேயே வருஷப் பங்கு. அந்த நெல்லில் ஒரு படியைக் கடையில் கொடுத்து உப்பும் புளியும் கருவாடும் வாங்கிப் போவதையும் பார்த்திருக்கிறேன். இதில் எங்கே பணம்? எங்குமே இல்லை. ஆனால் விளைந்த நெல் முழுவதும் தேசிய வருமானக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் விகிதம் அவ்வளவு குறைவு. பொருள் இருந்தது, வேலை இருந்தது, இரண்டுக்கும் நடுவே பணம் வர வேண்டிய தேவை குறைவாக இருந்தது.

கையில் பணம் வைத்திருந்தவர்களும் வங்கிக்கு வரவில்லை. நெல் விற்ற காசு நகையாகும், நிலமாகும், வட்டிக்குப் போகும், சீட்டுக்குப் போகும். மீதி அடுக்குப் பானையில் அடிப் பானைக்குள் இருக்கும். அப்படி வந்த நோட்டுகளை எண்ணும்போது விரலில் நெல் தூசி ஒட்டும். 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது இந்தியா முழுக்க 8,262 கிளைகள்தான் இருந்தன, அதுவும் பெரும்பாலும் நகரங்களில். 1991-ல் 60,000-ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். நடவு, அறுவடைக்குப் போகிறவர். ஐந்து ரூபாய் போட்டுக் கணக்குத் தொடங்கிக் கைநாட்டு வைத்தார். பாஸ்புக்கைக் குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போனார். கூலி பணமாக மாற மாற, அவரைப் போன்றவர்கள் அறுவடை முடிந்ததும் நூறு, இருநூறு என்று போட ஆரம்பித்தார்கள். அப்புறம் 1992-ல் கிராம வளர்ச்சிக்கான நபார்டு வங்கி மகளிர் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2014-ல் ஜன் தன் கணக்குகள் வந்தன. கால் பங்கு 80 சதவீதமானது பெரும்பாலும் இப்படித்தான். நெல்லில் நடந்தது பணத்தில் நடக்க ஆரம்பித்தது. பானையிலும் நகையிலும் கிடந்த சேமிப்பு டெபாசிட்டாக மாறியது. அந்த டெபாசிட்டும் வாங்கிய கடனும் ஒன்றையொன்று வளர்த்தன. இதை நிதி ஆழம் என்று பொருளாதாரத்தில் சொல்வார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், கிணறு தோண்டுகிற வேலையை ஞாபகப்படுத்துவதால்.

இனி மற்ற நாடுகள். சீனாவின் பணப்புழக்கம் 2024 மார்ச்சில் 300 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. அந்த ஆண்டின் ஜிடிபி 135 லட்சம் கோடி யுவானை ஒட்டியது. அங்கே தொழிற்சாலையும் வீட்டு மனை வியாபாரமும் பெரும்பாலும் வங்கிக் கடனில் ஓடுகின்றன. குடும்பங்களும் நிறையச் சேமித்து வங்கியிலேயே வைக்கின்றன. பணம் ஏராளம், ஆனாலும் 2023-லும் 2024-லும் அங்கே நுகர்வோர் விலை சராசரியாக 0.2 சதவீதம்தான் ஏறியது. ஜப்பானில் குடும்பங்களின் நிதிச் சொத்தில் ஏறக்குறையப் பாதி ரொக்கமும் டெபாசிட்டும். அலமாரிச் சேமிப்பு என்று பொருள்படும் ஒரு சொல்லே அவர்கள் மொழியில் உண்டு. 2013 ஏப்ரலில் அந்த நாட்டு மத்திய வங்கி, இரண்டே வருஷத்தில் விலைவாசியை 2 சதவீதம் ஏற வைக்கிறோம் என்று சொல்லிப் பணத்தை வெள்ளமாக விட்டது. நினைத்தபடி ஏறவில்லை. ஏரி நிரம்பியது, மடையில் ஓட்டம் கூடவில்லை.

இனி நீ எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் விகிதம் கொரோனாவுக்கு முன்பு 70 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. நம்மைவிடக் குறைவு! அங்கே கம்பெனிகள் கடன் பத்திரமும் பங்கும் விற்றுப் பணம் திரட்டுகின்றன, மக்களும் சேமிப்பைப் பெரிய அளவில் பங்குகளிலும் ஓய்வூதிய நிதிகளிலும் போடுகிறார்கள். அவையெல்லாம் பணப்புழக்கக் கணக்கில் சேராது. தவிர, ஒவ்வொரு நாடும் கோட்டை ஒவ்வோர் இடத்தில் போடுகிறது. அமெரிக்கா, எம்-2 என்று அது சொல்லும் தன் பணப்புழக்கக் கணக்கில், ஒரு லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள பெரிய ஃபிக்சட் டெபாசிட்டுகளைச் சேர்ப்பதே இல்லை. நாம் எல்லா டெபாசிட்டையும் சேர்க்கிறோம். ஆகவே நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. ஒரே நாட்டை வருஷத்துக்கு வருஷம் பார்ப்பதுதான் பயன் தரும்.

அப்படிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது வேகத்தை. அதே அமெரிக்காவில் 2020 பிப்ரவரியில் 15 லட்சம் கோடி டாலருக்குச் சற்று மேல் இருந்த பணம், 2022-ல் 21 லட்சம் கோடியைத் தாண்டியது. கப்பலும் தொழிற்சாலையும் முடங்கிக் கிடந்த நேரத்தில் மக்கள் கையில் இவ்வளவு பணம் சேர்ந்தது. எரிபொருளும் தானியமும் வேறு விலையேறின. 2022 ஜூனில் விலையேற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. மன்னார்குடியில் நான் பார்த்த பணம், கூடவே புதிய கணக்குகளும் புதிய தொழில்களும் வளர வளர மெதுவாக ஏறியது. இதுவோ இரண்டே வருஷத்தில் ஏறியது. இரண்டையும் ஒரே விகிதம் என்று சொல்லி ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாராந்தரப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது, பணப்புழக்கக் கணக்கும் அதில் வரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வருஷம் எழுதி வா. அடுத்த தீபாவளிக்கு எனக்கு எழுது.

கேள்வி: நான் பனியன் கம்பெனிகளுக்கு அயர்னிங், பேக்கிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். டீக்கடையிலிருந்து கோயில் வாசல் பூக்கடை வரைக்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் நாட்டில் நோட்டு குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போகிறது என்கிறார்கள். இது எப்படி?
– வாசகர், திருப்பூர்

பதில்: தொகையாகப் பார்த்தால் கூடுகிறது. 2017 மார்ச்சில் 13 லட்சம் கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம், 2021 மார்ச்சில் 28 லட்சம் கோடியைத் தாண்டி, 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கும் மேலே போனது. ஆனால் ஜிடிபியோடு ஒப்பிட்டால் வேறு படம் தெரியும். 2016 மார்ச்சில் 12 சதவீதம். பணமதிப்பிழப்புக்குப் பிறகு 2017 மார்ச்சில் 9-க்கும் கீழே. கொரோனா முதல் வருஷ முடிவில் 14-க்கும் மேல். பிறகு மறுபடி இறங்கி 11-ஐ ஒட்டி நிற்கிறது. கொரோனாவில் ஏன் அப்படி ஏறியது என்றால், ஆஸ்பத்திரிச் செலவு எப்போது வருமோ என்று எல்லோரும் வீட்டில் ரொக்கம் வைத்துக்கொண்டார்கள். ஜிடிபியும் அந்த வருஷம் சுருங்கியது.

டீக்கு யுபிஐ, அவசரத்துக்கு நோட்டு. மக்கள் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே சனிக்கிழமைச் சம்பளத்தை ரொக்கமாகக் கேட்கிற தொழிலாளர்கள் இன்னும் இருப்பார்கள் இல்லையா?

2016 நவம்பர் 8-ஐ நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கும். நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. திருச்சியில் ஒரு கிளைக்கு மேலாளர். அறிவிப்பு வந்து வங்கி மறுபடி திறந்த அன்று காலை ஆறு மணிக்கே வாசலில் வரிசை. வயதான ஓர் அம்மா, மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாமல் அரிசி டிரம்முக்குள் வைத்திருந்த ஐநூறு ரூபாய் நோட்டுகளை ஒரு துணிப் பையில் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்து நாற்பத்தி மூவாயிரம். அவருடைய பதினெட்டு வருஷச் சேமிப்பு. அதைக் கணக்கில் போட்டோம். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் அவர் அழுதார்.

கணக்கு வழியில் பார்த்தால் அந்த நாற்பத்தி மூவாயிரம் எங்கும் போகவில்லை. நோட்டாக இருந்தது டெபாசிட்டாக மாறியது, அவ்வளவுதான். நாடு முழுக்கவும் அதேதான் நடந்தது. செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பி வந்ததாக ரிசர்வ் வங்கியே பிறகு சொன்னது. நோட்டு விகிதம் சரிந்தது, மொத்தப் பணத்தில் அப்படி ஒரு சரிவு இல்லை. ஆனால் அந்தச் சில வாரங்களில் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாமல், வாரக்கூலி கொடுக்க முடியாமல் நின்றவர்களுக்கு எம்-3 அப்படியே இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்? டெபாசிட்டில் இருக்கும் பணமும் கையில் இருக்கும் பணமும் புள்ளிவிவரத்தில் ஒன்று. சந்தைக்குப் போகிறவருக்கு ஒன்றில்லை.

கேள்வி: அரசாங்கம் காசு அச்சிட்டதால்தான் 2022-இல் எங்கள் நாட்டில் சாமான் விலை எல்லாம் ஏறினது என்று சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்த வருடம் பணம் – உற்பத்தி விகிதம் கூடியிருக்க வேண்டும்தானே? நான் தேடிப் பார்த்தபோது குறைந்திருக்கிறது. விளங்கவில்லை.
– பாடசாலை ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: நீங்கள் பார்த்தது சரி டீச்சர். இந்த விகிதத்தைப் படிக்கிறவர்கள் பலர் தடுமாறுகிற இடமும் இதுதான். இலங்கையின் விகிதம் 2021 முடிவில் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2022 முடிவில் சுமார் 50-க்கு இறங்கியது. பணம் கூடத்தான் செய்தது. ஆனால் விலைகள் அதைவிட வேகமாக ஏறியதால் ரூபாய்க் கணக்கில் ஜிடிபி உப்பிவிட்டது. வகுக்கிற எண் பெரிதானால் விடை சிறிதாகத்தானே வரும்.

நடந்த வரிசையைப் பாருங்கள். 2019 முடிவில் வரிகளைக் குறைத்தார்கள், வற் வரி, அதாவது வாட், 15-லிருந்து 8 சதவீதமானது. பின்னாலேயே கொரோனா வந்து சுற்றுலா வருமானத்தை நிறுத்தியது. வரவு குறைந்த அரசாங்கத்துக்கு மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை, அதாவது அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை, வாங்கிப் பணம் தந்தது. 'காசு அச்சிட்டார்கள்' என்று மக்கள் சொன்னது இதைத்தான். அதே நேரத்தில் டாலரை 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்தார்கள். அதனால் பணம் சேர்ந்தது உடனே விலையில் முழுசாகத் தெரியவில்லை. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் டாலர் இரண்டே மாதத்தில் 360-க்குப் போனது. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி விலையேற்றம் 69.8 சதவீதம். உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 94.9.

அதாவது விகிதம் கூடியது முதல் இரண்டு வருடங்களில். தண்டனை வந்தது மூன்றாம் வருடத்தில், அப்போது விகிதம் இறங்கியது. ஜெர்மனியில் 1923-ல் நடந்ததும் இதே போக்குதான், அளவு மட்டும் பயங்கரம். நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். கூடை கூடையாக நோட்டு இருந்தது. ஆனால் அத்தனை நோட்டும் சேர்ந்து வாங்கக் கூடிய பொருள் முன்பைவிட மிகக் குறைவு. பணத்தை ஒரு நாள் கையில் வைத்தாலும் நட்டம் என்று ஆகிவிட்டால் எல்லோரும் அதை உதறத்தானே பார்ப்பார்கள்?

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விகிதம் 10 புள்ளி இறங்கியது என்று நான் இங்கே ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த 10 புள்ளி என்பது பிள்ளையின் படிப்புக்கும் மகளின் கலியாணத்துக்கும் உங்கள் ஊரில் நிலையான வைப்பில் போட்டு வைத்திருந்தவர்களின் உழைப்பு. புத்தகத்தில் தொகை அப்படியே இருந்தது. பாணும் பால்மாவும் வாங்கப் போனபோதுதான் அது பாதியாகிவிட்டது தெரிந்தது. 2023-ல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்திடமிருந்து உண்டியல்களை நேரடியாக வாங்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. அந்தப் பிரிவைத் தளர்த்த யாராவது வந்தால், தயவுசெய்து உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான். வங்கியில் 14 லட்சம் போட்டு வைத்திருக்கிறேன், வட்டி 7 சதவீதம். நாட்டில் பணம் வருஷத்துக்கு 10 சதவீதம் பெருகுகிறது என்று படித்தேன். அப்படியானால் என் பணம் வருஷா வருஷம் 3 சதவீதம் தேய்கிறதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை சார், அந்த இரண்டு எண்களையும் நேராகக் கழிக்கக் கூடாது. பணம் 10 சதவீதம் பெருகும்போது உற்பத்தியும் 6, 7 சதவீதம் பெருகினால், கூடிய பணத்தில் பெரும்பகுதி அந்தப் புதிய பொருள்களையும் வேலைகளையும் சுற்றிவரப் போய்விடும். நீங்கள் உங்கள் வட்டியோடு ஒப்பிட வேண்டியது நுகர்வோர் விலையேற்றத்தை. ரிசர்வ் வங்கிக்கு வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதம், 2-க்குக் கீழேயும் 6-க்கு மேலேயும் போகக் கூடாது என்பது வரம்பு. விலை 4 சதவீதம் ஏறினால் உங்களுக்கு 3 மிஞ்சும், வருமான வரி இருந்தால் இன்னும் குறையும். 6-ஐத் தொட்டால் 1 சதவீதம்தான் மிஞ்சும். மருந்துச் செலவு சராசரியைவிட வேகமாக ஏறுவதால் நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கழித்துப் பார்ப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று. 14 லட்சமும் ஒரே வங்கியில் உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறதா? டெபாசிட் காப்பீடு, 2020 பிப்ரவரியிலிருந்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான். அதே வங்கியின் வேறு கிளையில் போட்டால் தனியாகக் கணக்கில் வராது, வேறு வங்கியாக இருக்க வேண்டும். டெபாசிட் முதிர்கிற தேதி வரும்போது மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள், நாமினி பெயரை எழுத மறக்காதீர்கள்.